பேராசிரியர் மஹலனோபிஸ்: நாலு சதுரமும் ஓர் ஊர் மகசூலும்

மேலூர்த் தாலுகாவில் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் ரயத்துக்கள் சிலர், அறுவடை முடிந்தபின் நமது காரியாலயத்துக்கு வந்து ஒரு விஷயத்தைக் குறித்து நமது அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். 2016-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தின் விதிகளில், முக்கியப் பயிர்களுக்குக் கிராமப் பஞ்சாயத்தை அலகாகக் கொள்ளும் இடங்களில் குறைந்தபட்சம் நாலு இடங்களில் பயிரை அறுத்து நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று கண்டிருக்கிறது. நெல்லுக்கு ஒவ்வோர் இடமும் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சதுரம். நாலு சதுரத்திலும் கிடைத்த நெல்லின் சராசரியே ஊர் முழுவதன் மகசூல் என்று வைத்துக்கொள்ளப்படும். அது, முந்திய ஏழு வருஷங்களில் நன்றாக விளைந்த ஐந்து வருஷங்களின் சராசரியைக் கொண்டு கணக்கிட்ட ஓர் எல்லைக்குக் கீழே போனால் நஷ்ட ஈடு உண்டு, போகாவிட்டால் இல்லை. நூறு ஹெக்டேர் நன்செய் உள்ள ஊரில் இந்த நாலு சதுரமும் சேர்ந்து பதினாயிரத்தில் ஒரு பங்கு நிலந்தான். மடையடியில் விளைந்ததும் கடைமடையில் கருகியதும் ஒன்றாகுமா, இது எந்த ஊர் நியாயம் என்பது அவர்களுடைய கேள்வி.

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. நாலைக் கண்டு நாலாயிரத்தைத் தீர்மானிக்கலாமா, தீர்மானித்தால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற இந்த விசாரணையை நமது தேசத்தில் ஒரு சாஸ்திரமாகவே நிலைநாட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பிறந்த ஜூன் 29-ந் தேதியை 2007-ம் வருஷம் முதல் இந்திய சர்க்கார் புள்ளிவிவர தினமாகக் கொண்டாடி வருகிறார்கள். அன்றைக்குப் பெயரைச் சொல்லி மாலை போடுவதோடு பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது. அவருடைய சரித்திரத்தைச் சற்று விரிவாக எழுதினால் மேலூர் ரயத்துக்களின் கேள்விக்கும் அதிலேயே விடை அகப்படும் என்று கருதி இதை எழுதத் துணிந்தோம்.

பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1893-ம் வருஷம் கல்கத்தாவில் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். பாட்டனார் குருசரண், விதவா விவாகம் பெரும் பாதகமாக எண்ணப்பட்ட காலத்தில் தாமே ஒரு விதவையை மணந்துகொண்ட தீரர். பேரனுக்கும் ஊரார் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ளாத குணம் பரம்பரையாகவே வந்தது போலும். பிரஸிடென்ஸி காலேஜில் ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் முதலியவர்களிடம் பாடங்கேட்டு, 1912-ல் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, அடுத்த வருஷம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். லண்டன் சர்வகலாசாலையில் சேர்வதாகத்தான் உத்தேசம். கேம்பிரிட்ஜைப் பார்த்துவர ஒரு நாள் போனவர் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அங்கே கிங்ஸ் காலேஜின் கோயிலழகில் மனம் லயித்து, அந்தக் காலேஜிலேயே சேர்ந்துவிட்டார். வாழ்க்கையில் தற்செயல் என்பதற்கு எவ்வளவு இடம் உண்டு என்பதைப் பிற்காலத்தில் கணக்கிட்டுச் சொல்லப்போகிறவருக்கு, தற்செயலே இப்படி வழிகாட்டியாயிற்று.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த சிநேகிதர்களில் ஒருவர், 1914-ல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்திலிருந்து போய்ச் சேர்ந்த நமது கும்பகோணம் ராமாநுஜன். குளிரால் இரவெல்லாம் தூங்க முடியவில்லை என்று ராமாநுஜன் சொல்ல, மஹலனோபிஸ் அவருடைய அறைக்குப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் படுக்கையில் விரித்தபடியே இருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமாநுஜனுக்குத் தெரியவில்லை. வங்காளி நண்பர் அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். இன்னொரு நாள் ஒரு பத்திரிகையில் வந்த கணக்குப் புதிரை மஹலனோபிஸ் எடுத்து வந்தார். ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு இருபுறமும் உள்ள கதவிலக்கங்களின் கூட்டுத்தொகை சமமாக இருக்கிறது. வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அது எத்தனையாவது வீடு? இவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சில நிமிஷங்களில் 204 என்று கண்டுபிடித்திருந்தார். ராமாநுஜனோ அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே, அந்தத் தெருவுக்கு மட்டுமன்றி அம்மாதிரியான எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் விடையைத் தொடர் பின்னமாக ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இந்தக் கதையைத் தமிழர்கள் ராமாநுஜனின் பெருமைக்காகச் சொல்லுவது வழக்கம். நமக்கு இதில் மற்றொன்றும் தோன்றுகிறது. ராமாநுஜன் எண்களின் உள்ளே புகுந்து உண்மையைக் கண்டவர். மஹலனோபிஸ் போட்டுப் பார்த்து, அளந்து பார்த்து உண்மையை நெருங்குகிறவர். வயலுக்கும் வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் இந்த இரண்டாவது வகைப் புத்தியே வேண்டியிருந்தது.

1915-ல் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறி, விடுமுறைக்காக ஊருக்குப் புறப்படும் சமயம். யுத்தகாலமாதலால் பிரயாணம் சற்றே தாமதப்பட்டது. காலேஜ் புஸ்தகசாலையில் பொழுதுபோக்கிக்கொண்டிருந்தவருக்கு, மெக்காலே என்ற ஆசிரியர் ‘பயோமெட்ரிகா’ என்னும் பத்திரிகையின் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களின் அளவுகளைக் கணிதத்தால் ஆராயும் பத்திரிகை அது. மஹலனோபிஸ் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பௌதிக ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்புவதென்ற எண்ணம் நிறைவேறவில்லை. பிரஸிடென்ஸி காலேஜில் பௌதிகம் கற்பித்துக்கொண்டே, மனத்தை முழுவதும் புள்ளிவிவர சாஸ்திரத்தில் செலுத்தினார்.

இங்கே அந்தப் பத்திரிகையில் 1908-ல் வெளிவந்த ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கட்டுரையாளர் தமது பெயரை ‘மாணாக்கன்’ என்று மட்டும் போட்டிருந்தார். அவர் வில்லியம் ஸீலி காஸட் என்னும் ஆங்கிலேயர். அயர்லாந்தில் டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர்ச்சாலையில் உத்தியோகஸ்தர். உத்தியோகஸ்தர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சி வெளியிடக்கூடாது என்பது கம்பெனியின் கட்டுப்பாடு. பீர்ச்சாலையிலிருந்து உலகத்துக்கு ஒரு நன்மை விளைந்தது என்று எழுத நமது பேனா கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. எனினும் உண்மை அதுவே. எந்த வாற்கோதுமை உயர்ந்தது, எந்த நிலத்தில் நன்றாக விளையும் என்று தீர்மானிக்க அவருக்குக் கிடைத்தவை நாலு, ஐந்து, பத்து பரீக்ஷைகளே. அக்காலத்து நிபுணர்களின் சூத்திரங்களோ நூற்றுக்கணக்கான அளவுகள் கையில் இருந்தால்தான் செல்லும்.

விஷயம் இதுதான். ஒரு சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஊர் முழுவதன் சிதறல் நமக்குத் தெரியாது. அறுத்த நாலு சதுரங்களிலிருந்தே அதையும் ஊகிக்க வேண்டும். நாலே அளவுகளிலிருந்து ஊகித்த சிதறல் தானே நிச்சயமற்றது. இந்த இரண்டாவது நிச்சயமின்மையை மற்றவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை, காஸட் சேர்த்தார். மூவாயிரம் குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் குறித்த பழைய ஜாபிதா ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, சீட்டைக் கலைப்பதுபோல் கலைத்து, நாலு நாலாக 750 கட்டுகள் எடுத்துத் தமது சூத்திரம் சரிதானா என்று சோதித்தார். அவர் முதலில் வெளியிட்ட அட்டவணை நாலு முதல் பத்து வரையுள்ள மாதிரிகளுக்கு ஏற்பட்டது. பின்னால் பிஷர் என்னும் பேரறிஞர் அதற்குத் திடமான நிரூபணம் தந்து விரிவுபடுத்தினார்.

வக்கீல் தொழில் பார்த்த நமக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றவில்லை. நியாயஸ்தலத்தில் கைதி நிரபராதி என்று வைத்துக்கொண்டே விசாரணை தொடங்குகிறது. சாக்ஷியம் முழுவதையும் கேட்டபின், நிரபராதியாக இருந்தால் இத்தனை சாக்ஷியம் இப்படி அமைவது மிகவும் அபூர்வம் என்று தோன்றினால்தான் தண்டனை. புள்ளிவிவரப் பரீக்ஷையும் அவ்வாறே. இந்த ஊர் மகசூல் எல்லைக் கணக்குக்குக் குறையவில்லை என்று முதலில் ஓர் அநுமானம் செய்துகொள்ள வேண்டும். அந்த அநுமானம் உண்மையானால், அறுத்துப் பார்த்த சராசரி இவ்வளவு கீழே விழுவது இருபதில் ஒரு தடவைக்கும் குறைவாகவே நேருமா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் அநுமானத்தைத் தள்ளிவிடலாம். இல்லையென்றால், குற்றம் ருசுவாகவில்லை என்று மட்டுமே பொருள். கைதி புண்ணியாத்மா என்று ஸ்தாபிதமாகிவிடவில்லை! இந்த வேற்றுமையைப் படித்த உத்தியோகஸ்தர்களே மறந்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

நாமே கற்பித்துக்கொண்ட ஓர் உதாரணம் சொல்வோம். ஓர் ஊரின் எல்லைக் கணக்கு, சதுரம் ஒன்றுக்கு 12 கிலோ நெல் என்று இருக்கட்டும். அறுத்த நாலு சதுரங்களில் 9, 10, 11, 12 கிலோ கிடைத்தன. சராசரி பத்தரை, குறைவு ஒன்றரைக் கிலோ. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் தூரத்தை வர்க்கித்துக் கூட்டினால் 5. அதை நாலால் அன்றி மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சிதறல் சுமார் 1.29. அதை நாலின் வர்க்கமூலமாகிய இரண்டால் வகுத்தால், சராசரியின் தடுமாற்றம் சுமார் 0.65. குறைவாகிய ஒன்றரையில் இந்தத் தடுமாற்றம் 2.32 தடவை அடங்குகிறது. பெரிய மாதிரிகளுக்குரிய பழைய அட்டவணை 1.65-ஐத் தாண்டினாலே போதும் என்று சொல்லி, மகசூல் குறைந்தது நிச்சயம் என்று தீர்ப்பளித்துவிடும். காஸட்டின் வழிவந்த அட்டவணையோ நாலே சதுரங்களானால் 2.35-ஐத் தாண்டவேண்டும் என்கிறது. மயிரிழையில் ருசு தவறுகிறது. அதே சராசரியும் அதே சிதறலும் பதினாறு சதுரங்களில் கிடைத்திருந்தால், 4.65 வந்து, சந்தேகத்துக்கு இடமே இராது.

இப்போது வங்காளத்துக்குத் திரும்புவோம். 1922-ல் வட வங்காளத்தில் பெரும் வெள்ளம் வந்தது. தண்ணீரைத் தேக்கிவைக்கப் பெரும் பள்ளங்கள் அமைக்கவேண்டும் என்று எஞ்சினீயர்கள் யோசனை செய்தனர். மஹலனோபிஸ் அப்பொழுது அலிப்பூர் வான ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பையும் வகித்து வந்தார். சுமார் ஐம்பது வருஷத்து மழைக் கணக்குகளைப் புரட்டி, அந்தப் பள்ளங்களால் பயன் விளையாது, தண்ணீர் விரைவாக வடிய வழிசெய்வதே முக்கியம் என்று காட்டினார். 1926-ல் ஒரிஸாவில் பிராமணி நதி பெருகியது. நதியின் படுகை ஓரடி உயர்ந்துவிட்டது, ஆதலால் கரைகளைப் பல அடி உயர்த்தவேண்டும் என்பது நிபுணர் கமிட்டியின் அபிப்பிராயம். நிபுணர்கள், அதிலும் வெள்ளைக்கார சர்க்காரின் நிபுணர்கள், ஒரு முடிவுக்கு வந்தால் அக்காலத்தில் யார் எதிர்ப்பது? மஹலனோபிஸ் எதிர்ப்புப் பேச்சு ஒன்றும் பேசவில்லை. படுகை உயர்ந்தது என்றால் அது கணக்கில் தெரியவேண்டும் அல்லவா என்று சுமார் அறுபது வருஷத்துக் கணக்குகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நதி எந்த வருஷமும் ஒரே அளவில் ஓடுவதில்லை. வைகைக் கரையில் வசிக்கிற நமக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. வருஷத்துக்கு வருஷம் இயல்பாக ஏறி இறங்கும் அளவை மீறி நதி மாறியிருக்கிறதா என்பதே கேள்வி. மாறவில்லை என்பது விடையாயிற்று. மேல்பகுதிகளில் அளவுகடந்து பெய்த மழையே வெள்ளத்துக்குக் காரணம். கரையை உயர்த்துவதைவிட மேலே அணை கட்டுவதே பரிகாரம் என்று அவர் எழுதினார். 1957-ல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஆராய்ச்சியையும் குறிப்பிடுவார்கள்.

இதே வருஷங்களில்தான் வயற்பரீக்ஷைகளின் பக்கம் அவருடைய கவனம் திரும்பியது. ஓர் எருவைப் போட்ட நாலைந்து பாத்திகள் மற்றப் பாத்திகளைவிடச் சற்று அதிகமாக விளைந்தால், அது எருவின் பலனா, மண்ணின் பலனா, வெறும் தற்செயலா? காஸட்டுக்கு டப்ளினில் எழுந்த அதே கேள்வி. இதன் மூலமாகப் பிஷரோடு ஏற்பட்ட பரிசயம் ஆயுள்பரியந்த சிநேகமாயிற்று. பிஷரின் முறைகளை இந்திய விவசாய உத்தியோகஸ்தர்கள் கையாள்வதற்காக 1932-ல் மஹலனோபிஸ் துணை அட்டவணைகள் தயாரித்து வெளியிட்டார். விவசாய ஊழியர்களுக்கென்றே எளிய குறிப்புகளும் எழுதினார். பெரிய சித்தாந்தங்களைக் கண்டவர்கள் அட்டவணை போடுகிற கூலி வேலைக்கு வருவது அபூர்வம். இவர் வந்தார் என்பதை நாம் அவருடைய சித்தாந்தங்களுக்குக் குறைவாக மதிக்கவில்லை.

1931-ம் வருஷம் டிஸம்பர் 17-ந் தேதி இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனம் தோன்றியது. பிரஸிடென்ஸி காலேஜில் அவருடைய அறையே காரியாலயம்; முதல் வருஷத்துச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933-ல் ‘ஸாங்க்யா’ என்ற பத்திரிகை ஆரம்பமாயிற்று. ராஜ சந்திர போஸ், ஸமரேந்திர நாத ராய் முதலிய இளைஞர்களை அவர் தேடிப் பிடித்துச் சேர்த்தார். கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடலளவுகளை ஆராயத் தொடங்கிய வழியில், இரண்டு ஜனக் கூட்டங்கள் பல அளவுகளில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பதை ஒரே எண்ணால் சொல்லும் முறையை அவர் கண்டார். 1936-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையால் அவர் பெயர் உலகமெங்கும் பரவிற்று. ‘மஹலனோபிஸ் தூரம்’ என்றே அது வழங்குகிறது. ஆனால் ஜனக் கூட்டத்தின் சிதறல் தெரியாமல் கையிலுள்ள மாதிரியிலிருந்தே ஊகிக்கும்போது அந்தத் தூரம் எப்படி நடந்துகொள்ளும்? மறுபடியும் அதே மாணாக்கன் கேள்விதான். அதற்கு 1938-ல் போஸும் ராயும் கல்கத்தாவிலேயே விடை கண்டார்கள்; அவ்வருஷம் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளிவிவர மகாநாட்டுக்குப் பிஷரே தலைமை வகிக்க வந்திருந்தார். டப்ளின் பீர்ச்சாலையில் எழுந்த கேள்வி முப்பது வருஷத்தில் கல்கத்தாவில் பல கிளைகளோடு வளர்ந்து நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

ரவீந்திரநாத டாகுரோடு அவருக்கிருந்த நெருக்கத்தையும் ஒருவாறு சொல்லவேண்டும். 1919-ல் பஞ்சாப் படுகொலையைக் கண்டித்துக் கவி தமது பட்டத்தைத் துறந்து கடிதம் எழுதிய அந்த விடியற்காலையில் அருகிலிருந்தவர்களில் மஹலனோபிஸும் ஒருவர். 1921 முதல் பத்து வருஷம் விசுவபாரதியின் காரியதரிசிகளில் ஒருவராக உழைத்தார். அவர் மேடையேறும் தேசபக்தர் அல்லர். ஆனால் சர்க்கார் கணக்கைச் சர்க்காரே சோதித்துக்கொள்ள முடியாது என்று காட்டுவதும் ஒரு தேசத்தொண்டுதான்.

அதைக் காட்டியது சணல். வங்காளத்தில் எத்தனை ஏக்கராவில் சணல் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியாமல் விலை ஏறியும் இறங்கியும் குடியானவனை வதைத்தது. நமது ராஜதானியில் கர்ணங்கள் பதினாறணாவுக்கு இத்தனை அணா விளைச்சல் என்று கண்ணால் பார்த்து எழுதியதுபோல், அங்கும் கணக்குகள் பெரும்பாலும் உத்தேசந்தான். மஹலனோபிஸ் 1937-ல் சிறிய பரீக்ஷையாகத் தொடங்கி, ஒவ்வொரு வருஷமும் விரித்து, 1941-ல் மாகாணம் முழுவதிலும் மாதிரிக் கணக்கு எடுத்தார். ஒவ்வொரு வயலையும் பார்ப்பதாகச் சொன்ன முழுக்கணக்கைக் காட்டிலும், அங்குமிங்குமாகச் சீட்டுப்போட்டு எடுத்த மாதிரி மலிவாகவும் விரைவாகவும் முடிந்தது. மாதிரிக் கணக்கு முழுக்கணக்குக்குத் தாழ்ந்ததே என்று அதுவரை நினைத்திருந்தவர்களும் யோசிக்கத் தொடங்கினர்.

இதில் அவர் கையாண்ட ஒரு தந்திரத்தை வக்கீல்கள் மிகவும் ரஸிப்பார்கள். ஒரே பிரதேசத்துக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத இரண்டு கோஷ்டிகளிடம் கொடுத்துவிடுவார். சாக்ஷிகளைத் தனித்தனியே கூண்டில் ஏற்றுவது போலத்தான். இரண்டு கணக்கும் நெருங்கி வந்தால் நம்பிக்கை. விலகினால், எவ்வளவு விலகியதோ அதுவே பிழையின் அளவு. சராசரியைச் சொல்கிறவன் அதன் தடுமாற்றத்தையும் கூடவே சொல்லியாகவேண்டும் என்ற தர்மத்தை அவர் வேலைத்திட்டத்திலேயே வைத்துக் கட்டிவிட்டார்.

அவர் தவறே செய்யாதவர் அல்லர். நெல் மகசூலை அளக்கச் சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்களை அறுத்தால் போதும், எண்ணிக்கை அதிகமாக இருக்கட்டும் என்று அவர் கருதினார். விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸிலைச் சேர்ந்த சுகாத்மே இதை மறுத்தார். வட்டம் சிறிதானால் உள்ளளவுக்கு விளிம்பு அதிகம். விளிம்பில் நிற்கும் தூரை அறுக்கிறவன் கை உள்ளேதான் இழுக்கும். ஆகவே மகசூல் உள்ளதைவிடக் கூடுதலாகக் காணும் என்று பரீக்ஷைகளால் காட்டினார். இருவர் தகராறும் பல வருஷம் நீடித்தது. சமயங்களில் கசப்பும் தட்டியது. இந்த விஷயத்தில் சுகாத்மேயின் கட்சியிலேயே பலம் அதிகம் என்பது நமது எண்ணம். எண்ணிக்கையைக் கூட்டினால் தற்செயலான பிழை குறையும். ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை குறையாது. பதினாயிரம் சதுரம் அறுத்தாலும் எல்லாம் ரஸ்தாவோரத்திலேயே அறுபட்டால் என்ன பயன்? சர்வே நம்பரைச் சீட்டுப்போட்டுப் பொறுக்கி, வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து சீட்டில் வந்த அடிகளை எண்ணி நடந்து சதுரத்தைக் குறிக்கவேண்டும் என்று ஏற்பட்டிருக்கும் முறை, அறுக்கிறவனுடைய கண்ணும் காலும் விரும்பின இடத்தில் நிற்காமல் இருப்பதற்காகவே.

1943-ல் வங்காளப் பஞ்சம் லக்ஷக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. எவ்வளவு நெல் இருக்கிறது, எவ்வளவு பேர் பட்டினி என்பதற்கு நம்பத்தகுந்த கணக்கு அதிகாரிகளிடம் இல்லாமற்போனது அந்தக் கொடுமையின் ஒரு பகுதி. பஞ்சத்துக்குப் பின் மஹலனோபிஸின் ஸ்தாபனம் 15,000-க்கு மேற்பட்ட குடும்பங்களை மாதிரியாக எடுத்து, யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை விற்றார்கள், யார் பிச்சைக்காரர்களானார்கள் என்று விசாரித்து எழுதியது. அறிக்கையைப் படிப்பவர்கள் அதில் கோபமான வார்த்தை ஒன்றையும் காணமாட்டார்கள். எண்களே போதுமானவையாக இருந்தன.

1945-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. சுதந்திரத்துக்குப் பின் ஜவாஹர்லால் நேருவின் ஆதரவில் அவருடைய செல்வாக்கு பெருகியது. 1950-ல் தேசிய மாதிரி ஆராய்ச்சி தொடங்கியது. இந்தியக் குடும்பங்கள் எதைத் தின்கின்றன, எதற்குச் செலவழிக்கின்றன என்பது அதன் மூலமே தெரியவந்தது. 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்து வருஷத் திட்டத்தின் நகல் அவருடையது. கனரகத் தொழில்களுக்கு அதில் முதலிடம் கொடுத்ததைப் பற்றிப் பொருளாதார நிபுணர் ஷெனாய் உட்படப் பலர் மாறுபட்டார்கள். வயலை அளந்தே பெயரெடுத்தவர் திட்டத்தில் வயலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினாரோ என்ற குறை நமக்கும் உண்டு. அதை விவாதிக்க இது இடமன்று. 1959-ல் பார்லிமெண்ட் சட்டம் அவருடைய ஸ்தாபனத்துக்கு தேசிய முக்கியத்துவம் அளித்தது. 1968-ல் பத்ம விபூஷண் பட்டம் கிடைத்தது. 1972-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் இருக்கையில், அவர் கல்கத்தாவில் காலமானார்.

இனி மேலூர் ரயத்துக்களின் கேள்வி. நாலு சதுரத்தைக் கொண்டு ஊரைத் தீர்மானிப்பது எடுத்த எடுப்பிலேயே அநியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். சீட்டுப்போட்டு நேர்மையாக எடுத்த நாலு, மனம் போனபடி எடுத்த நாற்பதைவிட மேல். ஆனால் நாலுக்குரிய தடுமாற்றத்தை மறைப்பது அநியாயம். நாம் மேலே சொன்ன கற்பனை ஊரையே எடுத்துக்கொள்வோம். சராசரி 10.5 கிலோவுக்கு எல்லை 12 என்றால், நூற்றுக்குப் பன்னிரண்டரை நஷ்டம் என்று விதிப்படி எழுதிவிடுவார்கள். ஆனால் அதே நாலு சதுரங்களிலிருந்து, இருபதில் பத்தொன்பது தடவை தவறாத கணக்கின்படி சொல்லக்கூடியது, ஊரின் உண்மைச் சராசரி சுமார் 8.5-க்கும் 12.5-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதே. அதாவது உண்மை நஷ்டம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நூற்றுக்கு முப்பதை எட்டியும் இருக்கலாம். விதியோ சராசரியை மட்டும் பார்க்கிறது, சிதறலைக் கேட்பதில்லை. ஓர் ஊர் நஷ்ட ஈடு பெறுவதும் பக்கத்து ஊர் பெறாமற்போவதும் மழையால் அல்லாமல் சீட்டு விழுந்த விதத்தாலேயே நேரக்கூடும். கடைமடையும் மடையடியும் ஒரே ஊருக்குள் அடங்கிய பெரியாற்றுப் பாசனத்தில் சிதறல் அதிகம். அங்கே நாலு என்ற எண் மிகவும் சொற்பம். அதே விதிகள் பிர்க்காவுக்குப் பத்து என்றும், தாலுகாவுக்குப் பதினாறு என்றும் கேட்கின்றன. ஊர் சிறிது, ஆகவே மாதிரியும் சிறிதாயிருக்கலாம் என்று நினைத்தார்கள் போலும். தடுமாற்றம் ஊரின் அளவைப் பார்ப்பதில்லை. சிதறலையும் மாதிரியின் எண்ணிக்கையையும் மட்டுமே பார்க்கிறது.

இவற்றையெல்லாம் அந்த ரயத்துக்களுக்கு நாம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினோம். அவர்களில் வயதான ஒருவர், தமது கடைமடை வயலை மனத்தில் வைத்துக்கொண்டு, சராசரியை விட்டுத் தனித்தனியே நாலு எடையையும், எந்தெந்த சர்வே நம்பரில் அறுத்தார்கள் என்பதையும் கேட்டு வாங்க முடியுமா என்றார். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம் என்று சொன்னோம். மனுவை நாமே எழுதிக் கொடுத்தோம். நாலு பேரும் கையெழுத்திட்டு அன்று மாலையே தபாலில் சேர்த்தார்கள்.